யாருடைய பாஞ்சோ?
ஓர் இசைத்தொகுப்பும் ஆவணத்தின் அரசியலும்

பாஞ்சோ என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? மலைப்பிரதேசத்து மரவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தந்தியைச் சுண்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரக் கிழவர். ஹாலிவுட் படங்கள் மண்டையில் ஏற்றிவிட்ட பிம்பம் இது. தானாக உருவானதல்ல, கட்டமைக்கப்பட்டது. அது எப்படி நடந்தது என்று தெரியாமல், 2019 பிப்ரவரியில் நான்கு கறுப்பினப் பெண்கள் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்’ என்ற இசைத்தொகுப்பைக் கேட்டால், ‘நல்லாத்தான் பாடியிருக்காங்க’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிட முடியாது.

ரியானன் கிடன்ஸ், அமெதிஸ்ட் கியா, லேலா மக்காலா, ஆலிசன் ரஸல். நால்வரும் தனித்தனியே பெயர் பெற்ற நாட்டார் இசைக்காரர்கள். நால்வரும் பாஞ்சோ வாசிப்பவர்கள். 2018 ஜனவரியில் லூசியானாவில் டர்க் பவலின் ஒலிப்பதிவுக்கூடத்தில் கூடி, ‘அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்’ என்ற குழுவாக எழுதிப் பாடிய பதின்மூன்று பாடல்கள் இவை. ஜேம்ஸ் பால்ட்வினின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரை நூலில் ‘இந்த மண்ணின் மகன்’ இருந்த இடத்தில் இங்கே மகள்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, பாஞ்சோவுக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா பகுதிகளில் ஜோலா மக்கள் வாசிக்கிற அகோன்டிங் என்றொரு வாத்தியம் உண்டு. சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல் போர்த்தி, கம்பு செருகி, மூன்று தந்தி கட்டியது. அதில் ஒன்று குட்டைத் தந்தி, கட்டைவிரலால் தட்டுவது. இந்த மாதிரி வாத்தியங்களைக் கை நினைவில் சுமந்துகொண்டு கப்பலில் அடைபட்டு வந்தவர்கள் கரீபியத் தீவுகளில் மறுபடி செய்துகொண்டதுதான் பாஞ்சோ. 1707இல் ஹான்ஸ் ஸ்லோன் ஜமைக்காவைப் பற்றி எழுதிய நூலில் அதன் மூதாதையின் படம் இருக்கிறது. அடிமைகளை வைத்திருந்த தாமஸ் ஜெஃபர்சனும் இது அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றே எழுதிவைத்தார். ஆக 18ஆம் நூற்றாண்டில் இது கறுப்பர் வாத்தியம் என்பதில் எஜமானர்களுக்கே சந்தேகம் இருக்கவில்லை.

பிறகு 1840கள். வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பர்களைப் போல ஆடிப்பாடிக் கேலி செய்யும் ‘மின்ஸ்ட்ரல்’ கூத்து நியூயார்க்கில் 1843 முதல் பெரும் வணிகமாகிறது. அந்தக் கேலிக்கு வேண்டிய கருவி பாஞ்சோ. வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அதன் சொந்தக்காரனைக் கோமாளியாக்கியது ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். அடுத்து 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வந்தன. கறுப்பருக்கு விற்பதற்கு ஒரு பட்டியல், கிராமத்து வெள்ளையருக்கு விற்பதற்கு ஒரு பட்டியல் என்று சந்தையைக் கூறு போட்டார்கள். பிடில், பாஞ்சோ இசை இரண்டாவது பட்டியலுக்குப் போனது. அதே இசையைத் தலைமுறைகளாக வாசித்துவந்த கறுப்பினக் குழுக்களை ஒலிப்பதிவு செய்தது மிகவும் குறைவு. பதிவாகாதது வரலாற்றில் இல்லாததாகிவிடுகிறது. இது நமக்குப் புதிதில்லை.

வட கரோலினாவில் அப்படி மிஞ்சியிருந்தவர் ஜோ தாம்சன். 1918இல் பிறந்த பிடில்காரர். 2005இல் அதே மாநிலத்தின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களுக்கான ஒரு கூடுகை நடந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள் இந்த எண்பது கடந்த பெரியவர் வீட்டுக்கு வாராவாரம் போய்ப் பாடம் கேட்டுத்தான் ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழுவை ஆரம்பித்தார்கள். கிடன்ஸ் அவர்களில் ஒருவர், மக்காலா பின்னால் சேர்ந்தவர். ஆசிரியர் இருந்ததால் வாசிப்பு கிடைத்தது. ஆனால் அடிமைப்பட்ட பெண்களின் குரலுக்கு எந்தப் பெரியவரிடம் போவது? எழுத்தறிவே மறுக்கப்பட்டவர்களைப் பற்றி எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி எஜமானர் எழுத்து: விற்பனைச் சீட்டு, தப்பியோடியவரைப் பிடிக்கச் சொல்லும் விளம்பரம், பயணிகளின் வேடிக்கைக் குறிப்பு. களவு கொடுத்த வீட்டுக்காரர் திருடினவனுடைய கணக்கு நோட்டைப் புரட்டித்தான் தன் பாத்திரத்தை அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்தத் தொகுப்பு அந்தக் கணக்கு நோட்டை அப்படியே கையில் எடுக்கிறது. தொலைந்துபோன ‘தூய ஆப்பிரிக்கா’வைத் தேடிக் கிளம்பவில்லை. ‘பெட்டர் கிட் யெர் லேர்னின்’ பாட்டின் மெட்டு, 1855இல் தாமஸ் பிரிக்ஸ் பெயரில் வெளியான பாஞ்சோ பயிற்சி நூலிலிருந்து வருவது. மின்ஸ்ட்ரல் கூத்துக்காரர்களுக்கான நூல் அது. அந்த மெட்டின்மேல் கிடன்ஸ் ஏற்றியிருப்பது விடுதலைக்குப் பிறகு கறுப்பர்கள் எழுத்துக்காகப் பட்ட பாட்டை. கிடன்ஸ் வாசிக்கும் பாஞ்சோவே 1858ஆம் ஆண்டுக் கருவி ஒன்றின் நகல். கூத்துக் காலத்துக் கருவிதான். ‘அது அவமானச் சின்னமாச்சே, ஏன் தொடணும்?’ என்று கேட்கலாம். தொடாமல் விட்டால் அது அவமானச் சின்னமாக மட்டுமே நின்றுவிடும் என்பது இவர்கள் வாதம். அவமானத்தைச் சுமத்தப்பட்ட வாத்தியத்தைக் கையில் எடுப்பதா, கைவிடுவதா என்ற இந்த விவாதம் இங்கே யாருக்கும் அந்நியமாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

‘பார்படோஸ்’ இன்னும் சிக்கலான பிரதி. அதன் மெட்டு 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் அடிமைகளிடமிருந்து மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதிவைக்கப்பட்டது. (எம்.ஏ. படித்தபோது நாங்கள் கள ஆய்வு என்று கிளம்பி, கிழவிகள் பாடப் பாட வார்த்தையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு மெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மதிப்பெண் வார்த்தைக்குத்தான்.) இந்த மெட்டோடு, ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் 1788ஆம் ஆண்டு அங்கதக் கவிதை ஒன்று வாசிக்கப்படுகிறது. அடிமை வியாபாரம் கொடுமைதான், ஆனால் சர்க்கரையும் ரம்மும் இல்லாமல் எப்படி வாழ்வது என்று கவலைப்படும் ஒரு கனவானின் குரல். பவல் அதே பாணியில் இன்றைய வரிகளைச் சேர்த்திருக்கிறார்: சுரங்கத்தில் வேலை செய்பவர்கள், நாம் போடும் துணியைத் தைக்கும் குழந்தைகள். கனவான் செத்துப்போகவில்லை, நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கிறான்.

ஒடுக்கப்பட்டவருக்காகப் பேசுவது என்ற பிரச்சினையை இவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள்? ‘குவாஷிபா’, கிரெனடா தீவுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ரஸலின் மூதாதையைப் பற்றியது. ரஸல் அவளாக மாறிப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் பதில் சொல்வதில்லை. அந்த மௌனத்தை நிரப்பாமல் விட்டதுதான் பாட்டின் நேர்மை. ‘மாமாஸ் கிரையின் லாங்’ பாட்டில் பாஞ்சோவே இல்லை. கைத்தட்டல், தாளம், ஒருத்தி சொல்ல மற்றவர்கள் ஏற்றுப் பாடும் முறை. பலாத்காரம் செய்த கங்காணியைக் கொன்றுவிட்டு அதற்காகக் கொல்லப்படும் அடிமைத் தாயின் கதை, குழந்தையின் கண் வழியாக. அம்மா அழுவது தெரிகிறது, ஆடையின் நிறம் மாறியிருப்பது தெரிகிறது. நடந்ததற்குப் பெயர் வைக்கும் சொல் மட்டும் குழந்தையிடம் இல்லை. ‘பாலி ஆனின் சுத்தியல்’ வேறு தினுசு: இயந்திரத்தோடு போட்டி போட்டுச் செத்த ஜான் ஹென்றியின் வீரகதையில் ஓரமாக நின்ற மனைவி, அதே சுத்தியலைத் தூக்கியவள், நடுவுக்கு வருகிறாள்.

குறை உண்டா? உண்டு. கடைசிப் பாட்டு ஆறுதலில் போய் முடிவது எனக்கு உறுத்துகிறது. முந்தைய பாடல்கள் ஆறாமல் விட்ட காயத்துக்கு இவ்வளவு சீக்கிரம் மருந்து தடவ வேண்டுமா? ரஸல் அதைத் தன் சின்னஞ்சிறு மகளை நினைத்து எழுதியது என்று அறிந்த பிறகும் உறுத்தல் முழுசாகப் போகவில்லை.

வெளியிட்டது ஸ்மித்ஸோனியன் ஃபோக்வேஸ். 1948இல் மோசஸ் ஆஷ் தொடங்கிய ஃபோக்வேஸை 1987இல் ஸ்மித்ஸோனியன் வாங்கியபோது, எந்தத் தட்டும் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்படக்கூடாது என்பது நிபந்தனை. (சிறுபத்திரிகைக்காரர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.) அதே சமயம் அது அமெரிக்க அரசு சார்ந்த நிறுவனம். அடிமைகளைச் சொத்தாகப் பதிவு செய்த அரசே இன்று அவர்களது பாட்டைப் பாதுகாக்கிறது. எதிர்க்குரலுக்கு அலமாரியில் இடம் ஒதுக்குவது அதைக் கேட்பதற்குச் சமமா? ‘பிளாக் மைசெல்ஃப்’ பாட்டு 2020ஆம் ஆண்டுக் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

2019 ஜூலையில் குழு சுற்றுப்பயணம் போனது. சில ஊர்கள்தான். வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் நாட்டார் இசை விழா ஒன்று. இந்த மாதிரி விழாக்களில் கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர்கள்தான். யாருடைய வரலாறோ அவர்கள் கூட்டத்தில் குறைவு. இதற்குக் குழுவை மட்டும் குற்றம் சொல்லி லாபமில்லை. சந்தையைக் கூறு போட்ட அந்தப் பட்டியல்களுக்கு நூறு வயதாகிறது, காது இன்னும் அவற்றின்படியே பழகியிருக்கிறது.

ஆனால் நியூபோர்ட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விழா நடக்கும் ஆடம்ஸ் கோட்டை துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் அடிமை வணிகத்தில் முதன்மையான துறைமுகங்களில் ஒன்று அது. உள்ளூரில் வடித்த ரம்மை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. ரம்மைக் கொடுத்து மனிதர்களை வாங்கின. அவர்களைக் கரீபியத் தீவுகளில் விற்று, மறுபடி ரம் வடிக்கக் கருப்பஞ்சாற்றுப் பாகை ஏற்றிக்கொண்டு இதே தண்ணீர் வழியாகத் திரும்பி வந்தன. நான்கு பெண்களும் பாஞ்சோவுடன் அந்தக் கரையில் ஏறி நின்று பாடினார்கள்.