டீசல் புகையும் நமது சுவாசப்பையும்

டீசல் புகை என்றதும் கரும்புகை கக்கியபடி மேட்டில் ஏறும் பழைய லொறிதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு புகையும் மறந்திருக்காது: கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விட்ட புகை. அதையே தாங்கி வந்துவிட்டோம், இங்கே சிட்னியிலும் மெல்பேணிலும் வானம் நீலமாகத்தானே இருக்கிறது, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. லொறியும் பஸ்ஸும் ஓட்டும் தொழிலில் நம்மவர்களும் இருப்பதால், இதை இந்தப் பக்கத்தில் எழுதாமல் விட முடியவில்லை.

டீசல் புகையில் வைத்தியர்களாகிய நாங்கள் முக்கியமாகக் கவனிப்பது இரண்டு பொருட்களை. முதலாவது நுண்ணிய கரித் துகள்கள். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். டீசல் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீற்றரின் பத்தில் ஒரு பங்கை விடவும் சிறியவை. மூக்கு மயிரும் சளியும் தடுத்துவிடும் சாதாரணத் தூசி போலன்றி, இவை சுவாசப்பையின் கடைசிக் காற்றறை வரை போய்ப் படியும். ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கும். இவ்வளவு சிறிய துகள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே புகை தெரியாத லொறி சுத்தமான லொறி என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது, நைதரசன் ஒட்சைட்டு வாயுக்கள். இவை சுவாசக் குழாயை எரிச்சலூட்டி, தொய்வு உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1988இல் டீசல் புகையை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருந்தது. 2012 ஜூனில் அதை முதலாம் வகைக்கு மாற்றியது. புகையிலையும் அஸ்பெஸ்டஸும் இருக்கும் வகை அது. இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். முதலாம் வகை என்பது சான்று உறுதியானது என்பதைத்தான் குறிக்கிறது; டீசல் புகையும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்பது அதன் பொருளல்ல. சொல்லப்போனால் புற்றுநோயைவிட இருதயத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கூடுதல் கவலை. தென்னாசியர்களுக்கு நீரிழிவும் மாரடைப்பும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. காற்றில் நுண்துகள் கூடிய நாட்களில் மாரடைப்புகளும் கூடுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். கொலஸ்ட்ரோலுக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கும் ஐம்பது வயதுச் சாரதி, டிப்போவில் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் தினமும் மணிக்கணக்காக நிற்பதைச் சிறிய விடயமாக எடுக்கக்கூடாது.

எஞ்சினை விட்டு வெளியேறிய புகையை, குழாயின் முனைக்கு வருமுன்னரே பெருமளவு சுத்தம் செய்ய இன்று வழியுண்டு. கரித் துகளுக்கு ஒரு வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனுள் நெருக்கமாக நுண்குழாய்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக அவற்றின் ஒரு முனை அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்த புகை நேரே போக வழியில்லாமல், பக்கச் சுவரின் நுண்துளைகளுக்குள்ளால் அடுத்த குழாய்க்குப் போகவேண்டும். வாயு போய்விடும், கரி சுவரில் நின்றுவிடும். நன்றாக வேலை செய்யும் வடிகட்டி நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேல் கரியைப் பிடித்துவிடும்.

பிடித்த கரியை அங்கேயே எரிக்கவேண்டும். பாரத்தோடு நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடும் லொறியில் புகையின் சூட்டிலேயே அது மெல்ல எரிந்துவிடும். நின்று நின்று ஊருக்குள் ஓடும் வண்டியில் அந்தச் சூடு போதாது. அப்போது எஞ்சினின் கணினி மேலதிக டீசலைச் செலுத்தி, வடிகட்டியை 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும். எரியாமல் மிஞ்சும் சாம்பலைக் காலத்துக்குக் காலம் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும்.

நைதரசன் ஒட்சைட்டுக்கு மருந்து யூரியா. ஊரில் வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்டோமே, அதே பொருள்தான். வாகனத்துக்கு மிகத் தூய்மையான யூரியாவை 32.5 வீதக் கரைசலாக்கி, அட்புளூ என்ற பெயரில் பெற்றோல் நிலையங்களில் விற்கிறார்கள். சூடான புகைக்குள் தெளிக்கும்போது அது அமோனியாவாகி, ஒரு ஊக்கியின் மேல் நைதரசன் ஒட்சைட்டுடன் சேர்ந்து, தீங்கற்ற நைதரசனாகவும் நீராவியாகவும் மாறுகிறது. 2021இல் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் அட்புளூவுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. லொறிகள் நின்றுவிட்டால் கடைகளுக்குச் சாமான் எப்படி வரும் என்று நாடே தவித்தது. பிரிஸ்பேனின் கிப்சன் தீவில் அப்போது இயங்கிய தொழிற்சாலையின் உற்பத்தியைக் கூட்டிச் சமாளித்தார்கள். தடைக் காலத்தில் யூரியாவுக்கு அலைந்தவர்களுக்கு அந்தச் செய்தி ஒரு கணம் சிரிப்பை வரவழைத்திருக்கும்.

இந்தக் கருவிகள் வேலை செய்ய டீசலில் கந்தகம் குறைவாக இருக்கவேண்டும். அவுஸ்திரேலியா 2002 இறுதியில் பத்து இலட்சத்தில் 500 பங்கு என்றும், 2006இல் 50 என்றும், 2009இல் 10 என்றும் கந்தகத்தின் அளவைக் குறைத்தது. எரிபொருள் தயாராகிவிட்டது, லொறிகள்தான் பிந்திவிட்டன. 2010-11இல் வந்த யூரோ 5 விதியை வடிகட்டி இல்லாமலே, யூரியா முறையால் மட்டும் நிறைவேற்ற முடிந்தது. ஆகவே அந்தக் காலத்து லொறிகள் பலவற்றில் கரி வடிகட்டியே இல்லை. துகள்களின் எண்ணிக்கையையும் கணக்கெடுத்து, வடிகட்டியை நடைமுறையில் கட்டாயமாக்குவது யூரோ 6. ஐரோப்பாவில் அது 2013இல் தொடங்கியது. இந்தியாவே 2020 ஏப்ரலில் அதற்கு இணையான விதிக்குத் தாவிவிட்டது. இங்கே புதிய மாடல்களுக்கு 2024 நவம்பரிலும், விற்கப்படும் எல்லாப் புதிய கனரக வாகனங்களுக்கும் 2025 நவம்பரிலும்தான் வந்தது. இவ்வளவு வசதியுள்ள நாடு இவ்வளவு தாமதித்தது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து.

பழைய லொறிகளும் உடனே மறைந்துவிடாது. 1996க்கு முந்திய லொறி ஒன்று புதிய லொறியைப் போல 60 மடங்கு துகளை வெளிவிடுகிறது என்று கிராட்டன் ஆய்வு நிறுவனம் 2022இல் எழுதியது. 2003க்கு முந்திய டீசல் லொறிகளை சிட்னிக்கும் மெல்பேணுக்கும் உள்ளே விடக்கூடாது என்றும் அது பரிந்துரைத்தது.

மெல்பேணின் உள்மேற்குப் பகுதி மக்கள் இதை ஆய்வறிக்கை பார்த்து அறிந்தவர்களல்லர். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் யாராவில் பகுதியின் பிரான்சிஸ் வீதியாலும் சமர்வில் வீதியாலும் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போன காலம் நீண்டது. அவர்கள் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்து முதலில் இரவுநேரத் தடைகளைப் பெற்றார்கள். 2025 டிசம்பரில் வெஸ்ட் கேட் சுரங்கப்பாதை திறந்தபோது அவ்வீதிகளுக்கு 24 மணிநேரத் தடை வந்தது. சிட்னியில் 2001 டிசம்பரில் திறந்த எம்5 கிழக்குச் சுரங்கப்பாதையின் கதை வேறு. 4 கிலோமீற்றர் நீளம், அதன் காற்றெல்லாம் டரெல்லாவில் ஒரே புகைபோக்கியால் வெளியே. அயலவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டபின் சுரங்கத்தின் காற்றை வடிகட்டிப் பரீட்சித்துப் பார்த்தார்கள். செலவுக்கேற்ற பலன் கிடைக்கவில்லை. சுரங்கம் புகையை இடம் மாற்றும். லொறியிலுள்ள வடிகட்டிதான் அதைப் பிறக்குமிடத்தில் பிடிக்கும்.

ஆகவே சொந்த லொறி வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடிகட்டி விளக்கு அடிக்கடி எரிகிறது, சுத்தம் செய்ய ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், அதைக் கழற்றிவிட்டுக் கணினியை மாற்றிவிட்டால் தொல்லை போய்விடும் என்று யாராவது கராஜில் சொல்லலாம். அது சட்டவிரோதம். அதோடு எஞ்சினை ஓடவிட்டுப் பின்பக்கம் நின்று சாமான் இறக்குபவர் நீங்கள்தான், முதல் புகை உங்கள் நெஞ்சுக்குத்தான். விளக்கு எரிந்தால் அதை ஒரு நெஞ்சு நோவைப் போல எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பல சமயம் வடிகட்டி அடைபடுவதற்குக் காரணம் இன்ஜெக்டரோ டர்போவோ பழுதாகி அளவுக்கு மீறிக் கரி வருவதுதான்.

டிப்போவில் வேலை செய்பவர்கள் நிறுத்திய வண்டியின் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கேட்கலாம். வேலைநாட்களில் மட்டும் இருமல், இழுப்பு, நெஞ்சிறுக்கம் கூடினால் உங்கள் வைத்தியரிடம் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரில் பிள்ளைகளோடு சுரங்கப்பாதைக்குள் நுழையுமுன் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று வராமல் உட்காற்றே சுழலும் பட்டனை அழுத்துங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள். தொய்வு உள்ள பிள்ளையின் நீல நிற பம்ப் காரிலும் ஒன்று இருக்கட்டும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து புகை கக்கும் லொறியைக் கண்டால் இலக்கத்தகடு, இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்து, நியூ சவுத் வேல்சில் 131 555, விக்டோரியாவில் 1300 372 842 என்ற சுற்றாடல் அதிகாரசபை இலக்கங்களுக்கு அறிவிக்கலாம். காரோட்டுபவர் குறிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும்.