வாளையார் தாண்டினாலும் ரேஷன் உண்டு

மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும் தோட்டத் தொழிலாளியின் கையில் இரண்டு பைகள் இருக்கும். ஒன்றில் துணிமணி. மற்றொன்றில் ஊர் ரேஷன் கடையில் வாங்கிய அரிசி. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று இடுக்கிக்கு ஏறும் மூன்று வழிகளிலும் இதைப் பார்க்கலாம். பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பஸ்களிலும் வாளையார் வழியாக வரும் ரயில்களிலும் இதே கதைதான். ஐந்து கிலோ, பத்து கிலோ அரிசியைக் காலடியில் வைத்துக்கொண்டு, சோதனைச் சாவடி வரும்வரை நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பார்கள்.

படபடப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு ரேஷன் அரிசியை மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குக் கடத்தி விற்கும் தொழில் பல வருடங்களாக நடக்கிறது. இதைப் பிடிப்பதற்கென்றே தமிழ்நாட்டில் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுப் போலீஸ் இருக்கிறது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், 1955-இன்படி வழக்குப் போடுகிறார்கள். கடத்தல்காரனின் மூட்டை எது, கூலிக்காரன் சோற்றுக்குக் கொண்டுபோகும் பை எது என்று சோதனை அவசரத்தில் யார் நிதானமாகப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

இந்தப் பையைச் சுமக்கவே தேவையில்லை என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் 2020 ஜனவரி 1 அன்று கேரளம் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று தமிழ்நாடும் சேர்ந்தது. அன்று முதல் போடியில் எழுதிய கார்டுக்குப் பூப்பாறைக் கடையிலும், பொள்ளாச்சிக் கார்டுக்குக் கஞ்சிக்கோட்டுக் கடையிலும் அரிசி வாங்கலாம். ஆனால் எல்லாக் கார்டுக்கும் அல்ல. சங்கடமே அங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், இது என்ன மாதிரியான உரிமை என்று புரிந்துகொள்ள வேண்டும். கொச்சி வில்லிங்டன் தீவுத் துறைமுகத்துக்குச் சொகுசுக் கப்பல்கள் வருவதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட கப்பல்களில் பயணிகள் சிலருக்குக் கம்பெனியே ஒரு தொகையை அவர்களுடைய அறைக் கணக்கில் வரவு வைக்கும். கப்பலுக்குள் இருக்கும் கடையிலும் ஓட்டலிலும் அதைச் செலவழிக்கலாம். பெரும்பாலும் ரொக்கமாகத் தரமாட்டார்கள். பயணம் முடிந்து இறங்கும்போது மிச்சம் இருந்தால் அது போனதுதான். எங்கே செல்லும், எதற்குச் செல்லும், எந்தத் தேதிவரை செல்லும் என்று தெரிந்தவர் முழுவதையும் பயன்படுத்திக்கொள்வார். தெரியாதவர் வெறுங்கையோடு இறங்குவார். நம் கார்டில் மாதாமாதம் ஏறும் அரிசியும் இந்த வகைதான். ரொக்கம் கிடையாது, மாதம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. பணக்காரரின் வரவு கப்பலோடு நின்றுவிடும், கூலிக்காரரின் வரவு மாநிலம் விட்டு மாநிலம் வரும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது கார்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா அன்ன யோஜனா குடும்பம். இந்த இரண்டும் 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றுக்கு மட்டுமே எல்லை தாண்டி அரிசி உண்டு. முன்னால் 'என்' என்ற எழுத்து சேர்ந்து என்.பி.எச்.எச். என்று இருந்தால், அது முன்னுரிமை இல்லாத கார்டு. அதற்குக் கேரளத்தில் ஒரு மணி அரிசிகூடக் கிடையாது.

ஒரே ஒரு எழுத்துதான். ஆனால் ஊரில் இருக்கும்வரை அதன் கனம் யாருக்கும் தெரிவதில்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசிக் கார்டுக்கெல்லாம் அரிசி இலவசம். பி.எச்.எச். கார்டுக்காரரும் என்.பி.எச்.எச். கார்டுக்காரரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மூட்டையிலிருந்து அளந்த அரிசியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மத்தியச் சட்டத்தின் கணக்கில் வராதவருக்கு மாநில அரசு தன் செலவில் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாநில அரசு தன் பணத்தில் கொடுக்கும் அரிசி வாளையாரோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வருவது மத்தியத் தொகுப்பில் உள்ளது மட்டுமே. மத்தியச் சட்டத்தின் கணக்கில் வருபவர்கள் தமிழ்நாட்டு ஜனத்தொகையில் சுமார் பாதிப் பேர். ஆகவே ஒரே ஊரிலிருந்து ஒரே தோட்டத்துக்கு வந்து, பக்கத்துப் பக்கத்து லயத்தில் குடியிருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு அரிசி கிடைக்கிறது, மற்றவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். திரும்பி வந்தவர், "தமிழன் என்பதால் தரவில்லை" என்று நினைத்துக்கொள்கிறார். கடைக்காரர் பேரில் தப்பில்லை. கார்டு கொடுத்த நாளில் அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

கேரளக் கார்டிலும் இதே பேதம் உண்டு. மஞ்சளும் இளஞ்சிவப்பும் எல்லை தாண்டும். நீலமும் வெள்ளையும் தாண்டாது. கோயமுத்தூருக்கு வேலைக்குப் போகும் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

கார்டு சரியான கார்டுதான் என்று வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? முன்னுரிமைக் குடும்பத்துக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா குடும்பத்துக்கு, எத்தனை பேர் இருந்தாலும், மொத்தம் 35 கிலோ. 2023 ஜனவரி 1 முதல் இந்தத் தானியத்துக்கு விலை கிடையாது. 2024 ஜனவரி 1 முதல் மேலும் ஐந்து வருடங்களுக்கு இந்த இலவசத்தை மத்திய அரசு நீட்டியிருக்கிறது. அரிசி ஊர் அரிசியாக இருக்காது. மட்ட அரிசியோ வேறு புழுங்கலரிசியோ பச்சரிசியோ, அந்த மாதம் கடையில் எது இருக்கிறதோ அதுதான். மட்ட அரிசி வேக நேரம் ஆகும். புதிதாக வந்தவர்கள் அடுப்பில் வைத்துவிட்டு அலுத்துக்கொள்வார்கள், பிறகு பழகிவிடும். துவரம்பருப்பு, பாமாயில், சர்க்கரை இங்கே கேட்காதீர்கள். அவை தமிழ்நாடு அரசு தனியாகக் கொடுப்பவை. பொங்கல் பரிசும் அப்படியே, அதற்கு ஊர்க் கடைக்குத்தான் போக வேண்டும்.

உடும்பன்சோலை ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உத்தமபாளையத்தில் இருக்கிறார்கள். கார்டில் நான்கு பேர், ஆக 20 கிலோ. இவர் இங்கே 10 கிலோ எடுக்கலாம், மீதியை மனைவி அங்கே எடுக்கலாம். திட்டத்தின் விதி அதை அனுமதிக்கிறது. வெளியே கிலோ 40 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் மாதம் 400 ரூபாய், வருடத்துக்கு 4,800 ரூபாய். கூலிக்காரக் குடும்பத்துக்கு இது சின்னக் காசல்ல. ஆனால் ஓர் எச்சரிக்கை. கணக்கு ஆளுக்கு ஆள் தனியாக இல்லை, கார்டுக்கு மொத்தமாக இருக்கிறது. மாதம் பிறந்ததும் மனைவி அங்கே முழுவதையும் வாங்கிவிட்டால் இவருக்கு இங்கே பூஜ்யம். இவர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பிள்ளைகளின் பாடு திண்டாட்டம். ஆகவே யார் எவ்வளவு என்று போனில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் நடப்பது எளிது. கார்டைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்றுகூட இல்லை. கார்டு நம்பரோ ஆதார் நம்பரோ சொன்னால் போதும். கடைக்காரர் அதை மிஷினில் அடித்தால், அது மத்திய சர்வரைக் கேட்டு, கார்டில் யார் யார் இருக்கிறார்கள், இந்த மாதம் எவ்வளவு பாக்கி என்று காட்டும். கார்டில் பெயரும் ஆதார் இணைப்பும் உள்ள ஒருவர் விரல் வைக்க வேண்டும். ரேகை ஒத்துப்போனால் பில் வரும். பில்லை வாங்கி, அதில் எத்தனை கிலோ என்று இருக்கிறதோ அத்தனை கிலோ தராசிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்கள் ஒன்றுதானே.

தோட்டத் தொழிலாளிக்குத் தொல்லை கொடுப்பது விரல்தான். தேயிலை கிள்ளியும் ஏலக்காய் பறித்தும் தேய்ந்துபோன விரலில் ரேகை எங்கே இருக்கும்? ஒரு விரல் எடுக்காவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பாருங்கள். எதுவுமே எடுக்காவிட்டால் அக்ஷயா மையத்தில் ஆதார் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். சர்வர் படுத்துவிடும் நாள்களும் உண்டு. கடைக்காரர் "ஸ்டாக் இல்லை" என்று கையை விரிப்பதும் உண்டு. பக்கத்துக் கடைக்குப் போங்கள். ஒரு கடை என்று உங்களை யாரும் கட்டிப்போடவில்லை. வெளிமாநிலத் தொழிலாளருக்கு இந்த உரிமையை எடுத்துச் சொல்வதற்காகக் கேரள அரசே 2023-இல் 'ரேஷன் ரைட் கார்டு' என்று ஒன்றைத் தொடங்கியது.

பாலக்காட்டுக் கணவாயில் அரிசிப் பிரச்னை இன்று நேற்று வந்ததல்ல. 1957-இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கையும் சேர்த்து மத்திய அரசு தென்னக அரிசி மண்டலம் அமைத்தது. மண்டலத்துக்குள் அரிசி தாராளமாக வந்து போனது. 1964-இல் மண்டலம் கலைந்து, மாநிலத்துக்கு மாநிலம் வேலி விழுந்தது. தின்பதில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் கேரளம் திண்டாடிப்போயிற்று. வீட்டுக்கு வீடு ரேஷன் என்ற ஏற்பாடு கேரளத்தில் வேரூன்றியது அந்த நெருக்கடியில்தான். 1966-இல் கேரள ரேஷனிங் உத்தரவு வந்தது. அன்று ஆள் மட்டும் எல்லை தாண்டலாம், அவன் அரிசி தாண்டக்கூடாது. இன்றும் ஊர் அரிசி தாண்டுவதில்லை. அதன் கணக்கு மட்டும் கம்பியில்லாத் தந்தி மாதிரி வந்து சேர்கிறது, அரிசியை இங்கேயே அளந்து கொடுக்கிறார்கள்.

"கேரளத்தில் வாங்கினால் ஊர்க் கார்டு போய்விடுமா? வீட்டுக்காரிக்கு வரும் ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமா?" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இங்கே அரிசி வாங்குவதால் கார்டு கைமாறுவதில்லை. அது தமிழ்நாட்டுக் கார்டாகவே இருக்கும். ஊர்க் கார்டிலிருந்து பெயரை நீக்கி, கேரளக் கார்டில் சேர்வது முற்றிலும் வேறு விஷயம். மூன்று தலைமுறையாக மூணாறில் இருந்து கேரளக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தால் ஆவதற்கு ஒன்றுமில்லை. எல்லைக்கு இருபுறமும் ஆளுக்கொரு கார்டு வைத்துக்கொண்டிருந்த சிலரின் பாடு இப்போது கஷ்டம்தான். ஆதார் நம்பர் இரண்டு இடத்தில் பேசாது.

உண்மையில் பயப்பட வேண்டியது வாங்காமல் இருப்பதற்குத்தான். 2025 ஜூலையில் மத்திய அரசு பொது விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவைத் திருத்தியது. அதன்படி ஆறு மாதம் தொடர்ந்து எதுவும் வாங்காத கார்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து விசாரிக்கலாம். குடும்பத்தோடு நெல்லியாம்பதிக்கோ வண்டன்மேட்டுக்கோ வந்து, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பி.எச்.எச்., அந்தியோதயா கார்டில் உள்ள ஒவ்வொருவரும் இ-கே.ஒய்.சி. என்னும் ரேகைப் பதிவையும் முடித்திருக்க வேண்டும். அதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டாம். இருக்கும் இடத்து ரேஷன் கடையிலேயே பதிய வழி இருக்கிறது.

'என்' எழுத்துக்காரர்களுக்கு வழியே இல்லையா? தகுதி இருந்தால் முன்னுரிமைக்கு மாற்றித் தரும்படி ஊர் தாலுகாவில் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம்தோறும் இரண்டாவது சனிக்கிழமை தமிழ்நாட்டுத் தாலுகாக்களில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. சம்பளம் வாங்கி ஊருக்குப் போகும் வாரத்தை அதற்கு ஒத்து வைத்துக்கொள்ளலாம். மனுக் கொடுத்த உடனே மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கொடுக்காவிட்டால் எப்போதுமே மாறாது.

சந்தேகம் இருந்தால் 14445 என்ற நம்பரில் கேட்கலாம், கட்டணம் இல்லை. 'மேரா ரேஷன்' என்ற செயலியிலும் உங்கள் கார்டின் கணக்கைப் பார்க்கலாம். கேரளக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் முதல் வேலைநாளும் விடுமுறை, அன்று கணக்கு முடிப்பார்கள். கடைசித் தேதிவரை காத்திருந்தால் கூட்டமும் சர்வரும் சேர்ந்து காலை வாரிவிடும். பத்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் நடுவில் போவது உத்தமம். மலையாளம் வராதவர்கள் கடையில் போய் இவ்வளவு சொன்னால் போதும்: "சேட்டா, இது தமிழ்நாட்டிலெ முன்கணனா கார்டா. மிஷினில் ஒன்னு நோக்காமோ?"