கணிப்பொறியில் கரை மாறுதல்

வைப்பின் தீவில் வாழ்வோர்க்குக் கரை மாறுதல் புதிய செய்தியன்று. 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீப் பாலங்கள் திறக்கப்படும்வரை எறணாகுளம் செல்லப் பெரும்பாலும் படகையே நம்பியிருந்தோம். பாலங்கள் வந்தபின் அப்பயணம் எளிதாயிற்று. எனினும், ஃபோர்ட் கொச்சி வழியே மட்டாஞ்சேரி செல்வோர்க்குப் படகுத்துறை இன்றும் பயன்படுகின்றது. புதிய வழியை ஏற்பதற்காகப் பழைய வழியை அன்றே அடைத்துவிட வேண்டுவதில்லை. கணிப்பொறியின் இயக்குதளத்தை மாற்றுவோரும் இதனை மனத்தில் கொள்ளுதல் நலம்.

இயக்குதளம் என்பது யாது? கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் கையாளும் மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே அது. நம்மில் பலர் பழகியது விண்டோஸ். அதன் பத்தாம் பதிப்புக்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய வகை மையச் செயலகமும் இல்லாத பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடும் பொறியை இதன்பொருட்டு ஒதுக்கிவிடுவதா என்னும் கேள்வி பல இல்லங்களில் எழுந்துள்ளது. அதற்கு ஒரு விடை லினக்ஸ்.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸின் கருவை வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்தின் மென்பொருள்கள் அதனுடன் சேர்ந்தன. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். உபுண்டு, மின்ட் முதலியவை இக்கருவைக் கொண்டு தொகுக்கப்பட்டவை.

கேரளப் பள்ளிகளுக்கென 2001-இல் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிற்று. 2017-இல் அது ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. ஆதலின் இங்குள்ள அரசுப் பள்ளி மாணவர்க்கு லினக்ஸ் இயல்பான கருவி. அலுவலகத்தில் நெடுநாள் விண்டோஸில் பழகிய நாமே தயங்குகின்றோம். நம் தயக்கத்திற்குப் பழக்கமே பெருங்காரணம்.

தொடங்குவோர் செய்ய வேண்டுவன சில. முதலாவதாக, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்நகல் திறக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். வட்டு பூட்டுக்குறியீடு செய்யப்பட்டிருப்பின் மீட்புச் சாவியைத் தாளில் குறித்துக்கொள்க. அடுத்து, 8 ஜிபி கொண்ட பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே பொறியைத் தொடங்கலாம். வட்டிலுள்ள விண்டோஸைத் தொடாமலே ஒத்திகை பார்க்க இது வழி. வைஃபை, அச்சுப்பொறி, ஒலி, தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றை அப்போதே சோதித்தறிக. தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிப்பு முறை ஆகிய விசைப்பலகைகளை லினக்ஸில் அமைத்துக்கொள்ளலாம்.

சில வேறுபாடுகள் முதலில் மயக்கம் தரும். ‘சி’, ‘டி’ என்னும் வட்டுப் பெயர்கள் இங்கில்லை. அடைவுகள் யாவும் ஒரே வேரினின்று கிளைக்கின்றன. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். லிப்ரே ஆபீஸ் பழைய ஆவணங்களைத் திறக்கும். ஆயினும் அட்டவணைகளும் பக்க அமைப்பும் சற்றே பிறழக்கூடும்.

தமிழில் எழுதுவோர்க்கு மற்றோர் எச்சரிக்கை உண்டு. நாம் முன்னாளில் பழைய எழுத்துருவில் அடித்துவைத்த மொழிபெயர்ப்புகளை லினக்ஸில் திறந்தபோது, தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிவரியாகத் தோன்றின. பல ஆண்டு உழைப்பு அழிந்ததோ என்று கலங்கினோம். உண்மையில் கோப்புகளுக்குக் கேடில்லை. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. எழுத்துரு இல்லாத பொறியில் முகமூடி கழன்றது, அவ்வளவே. யூனிகோடு முறையில் தமிழுக்குத் தனி இடமுண்டு. மாற்றிமென்பொருளால் அம்முறைக்குக் கொணர்ந்து, மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்தினோம். பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன்னரும், யூனிகோடில் பின்னரும் பதிவாவதால் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் பிழை நேரலாம். இப்பணியை மாறுதற்கு முன்பே முடித்தல் நன்று.

இடமிருப்பின் இரு இயக்குதளங்களையும் ஒரே பொறியில் அருகருகே நிறுவலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் தொழிலுக்கு இன்றியமையாதாயின் அதனை விட்டுவிடல் தகாது. ஆனால் ஆதரவு முடிந்த விண்டோஸில் வங்கிக் கணக்கு போன்றவற்றைக் கையாளாதிருத்தல் பாதுகாப்பானது. அன்றாடப் பணிகள் யாவும் ஒரு மாதம் லினக்ஸில் தடையின்றி நடைபெற்றபின், பழைய துறையை மூடுவதா என்று ஆராயலாம். ஐயம் எழுந்தால், வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையைக் கேட்கத் தயங்க வேண்டா.