கான்கார்டில் பறந்து வந்த டிரம்மர், சுருதி சேராத கிட்டார்... லெட் செப்பெலின் ரசிகர்கள் மறக்க நினைக்கும் மேடைகள்!

ராக் இசையில் மேடைக் கச்சேரி என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று லெட் செப்பெலின். கிட்டாரில் ஜிம்மி பேஜ், பாட்டுக்கு ராபர்ட் பிளான்ட், பேஸ் கிட்டாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸில் ஜான் பான்ஹம். 1968-ல் தொடங்கி 1980 வரை இந்த நால்வரும் வாசித்த இரவுகளைப் பற்றி ரசிகர்கள் இன்றும் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் அதே ரசிகர்களிடம் "இவங்க சொதப்புன கச்சேரி எது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே மாட்டார்கள். பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: 'லைவ் எய்ட்'.

அன்று என்ன நடந்தது?

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்திலும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரின் ஜே.எஃப்.கே மைதானத்திலும் ஒரே நாளில் நடந்த மாபெரும் இசை நிகழ்ச்சி அது. உலகம் முழுக்க நேரலை. பான்ஹம் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், மீதி மூவரும் முதன்முறையாக ஒரே மேடைக்கு வருகிறார்கள். பிலடெல்பியாவில் கூடியிருந்தவர்கள் சுமார் 90,000 பேர்.

பான்ஹம் இடத்தில் யார்? இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. 'சிக்' குழுவின் டோனி தாம்சன் ஒரு டிரம் செட்டில். பில் காலின்ஸ் இன்னொன்றில். காலின்ஸ் அன்று பகலில் லண்டனில் பாடிவிட்டு, கான்கார்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திருந்தார். செய்தியாகக் கேட்க அது அட்டகாசம். ஆனால் செப்பெலின் ஆட்களோடு அவர் ஒருமுறைகூட ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

முதல் பாட்டு 'ராக் அண்ட் ரோல்'. அதன் டிரம்ஸ் தொடக்கம் கேட்க எளிமையாக இருக்கும், வாசிக்கப் போனால் வழுக்கிவிடும். தாளத்தின் முதல் அடியில் அது தொடங்காது, நடுவில் இருந்து கிளம்பும். கர்நாடக இசையில் 'எடுப்பு' என்போமே, அதைத் தவறாகப் பிடித்தால் மொத்தப் பாட்டும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒரு டிரம்மருக்கே இது சவால். இரண்டு பேர் ஒரே நேரத்தில், அதுவும் சேர்ந்து பழகாமல் வாசித்தால்?

இது போதாதென்று பேஜ் கையில் இருந்த கிட்டார் சுருதி சேரவில்லை. தன் சொந்தக் குழுவோடு தொடர்ந்து பாடிக்கொண்டிருந்த பிளான்ட்டுக்குக் குரல் கட்டியிருந்தது. மேடையில் தன் சத்தம் தனக்கே கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களும் சரியில்லை. தான் என்ன பாடுகிறோம், பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்பதே தெரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட கலைஞரும் தடுமாறத்தான் செய்வார். மொத்தம் மூன்று பாட்டு, இருபது நிமிடம்தான். ஆனால் உலகமே பார்த்துவிட்டது.

பிறகு பழி போடும் படலம். டிரம்ஸ் பக்கம் கை காட்டினார் பேஜ். பாதியிலேயே இறங்கிப் போயிருப்பேன், அதுவே பெரிய செய்தியாகிவிடும் என்பதால்தான் போகவில்லை என்ற பொருளில் காலின்ஸ் பின்னாளில் பேசினார். நியாயமாகப் பார்த்தால், சுருதி சேராத கிட்டாருக்கும் கட்டிய தொண்டைக்கும் டிரம்மர் என்ன செய்வார்?

2004-ல் லைவ் எய்ட் டிவிடி வெளியானபோது தங்கள் பகுதியைச் சேர்க்க செப்பெலின் அனுமதிக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு வழியில் நிதி தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அன்று டிவியில் பதிவு செய்து வைத்தவர்கள் எத்தனை பேர்! இன்று இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் வந்து நிற்கிறது.

மழை, கலவரம், ஒரு மரணத்தின் நினைவு

லைவ் எய்ட் உலகம் முழுக்கப் பார்த்த சொதப்பல். ஆனால் டிக்கெட் வாங்கி நேரில் போனவர்களின் ஆறாத வருத்தம் 1977 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது.

ஃபுளோரிடாவின் டாம்பா மைதானம் செப்பெலினுக்கு ராசியான இடம். 1973-ல் அங்கே 56,800 பேர் திரண்டு, ஒரே குழுவின் கச்சேரிக்கு வந்த கூட்டத்தில் பீட்டில்ஸின் சாதனையையே முறியடித்தார்கள். 1977 ஜூன் 3-ம் தேதி மீண்டும் அங்கே வந்தபோது கூட்டம் இன்னும் அதிகம். 'மழை பெய்தாலும் நடக்கும்' என்று டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது. மூன்று பாட்டு முடிவதற்குள் இடியும் மழையும் கொட்ட, குழு மேடையை விட்டு இறங்கியது. திரும்பி வரவே இல்லை. பாட்டில்கள் பறந்தன, போலீஸ் தடியோடு இறங்கியது, பலர் காயமடைந்தார்கள். மறுநாளாவது நடக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு, நகர நிர்வாகம் அனுமதி மறுத்த செய்திதான் வந்தது.

"கொஞ்சம் நனைஞ்சா என்ன?" என்று அன்று கோபப்பட்ட ரசிகர்களுக்குத் தெரியாத ஒரு பின்னணி உண்டு. செப்பெலினின் மேனேஜர் பீட்டர் கிராண்ட், 'ஸ்டோன் த க்ரோஸ்' என்ற இன்னொரு குழுவையும் கவனித்து வந்தார். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்துபோனார். எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். ஈர மேடையில் கையில் மின்சார கிட்டாரோடு நிற்பது என்றால் என்னவென்று கிராண்ட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? கச்சேரியை நிறுத்தியது சரியான முடிவு. 'மழை பெய்தாலும் நடக்கும்' என்று அச்சடித்ததுதான் தப்பு.

ஒரே பயணத்தில் உச்சமும் சரிவும்

இதில் வேடிக்கை என்னவென்றால், செப்பெலினின் மிகச் சிறந்த கச்சேரிகளில் ஒன்று என்று ரசிகர்கள் கொண்டாடும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் நிகழ்ச்சி நடந்தது 1977 ஜூன் 21-ம் தேதி. டாம்பா முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதே பயணத்தில் ஏப்ரல் 9-ம் தேதி சிகாகோவில் பேஜ் உடம்பு முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்து, சுமார் ஒரு மணி நேரத்தில் கச்சேரியே நின்றுபோனது.

ஒரே குழு, அதே பாட்டுகள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு காரணம் அவர்களின் பாணி. ஆல்பத்தில் இருப்பதை அப்படியே வாசிப்பவர்கள் அல்ல இவர்கள். 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' என்ற ஒரே பாட்டை அரை மணி நேரம் வரை நீட்டுவார்கள், எங்கே போகும் என்று அவர்களுக்கே தெரியாது. நால்வரும் ஒருவரையொருவர் கவனித்துக் கேட்டால் அது அற்புதம். யாராவது ஒருவர் நிதானத்தில் இல்லையென்றால் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. 70-களின் பிற்பகுதியில் நிதானம்தான் அவர்களிடம் குறைந்துகொண்டே வந்தது. பேஜுக்குப் போதைப் பழக்கம், பான்ஹமுக்குக் குடி. அந்த ஆண்டு ஜூலையில் பிளான்ட்டின் 5 வயது மகன் நோயில் இறந்துபோக, மீதிப் பயணம் முழுவதும் ரத்தானது.

ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த டேப்புகள் இல்லையென்றால் இதெல்லாம் நமக்குத் தெரிந்தே இருக்காது. பதிவு செய்பவர்களை கிராண்ட்டுக்கு அறவே பிடிக்காது, கருவியைப் பிடுங்கி உடைக்கக்கூடத் தயங்கமாட்டார். அதையும் மீறித் தப்பிய டேப்புகள்தான் லாஸ் ஏஞ்சல்ஸின் உச்சத்தையும் மற்ற இரவுகளின் சரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வைக்கின்றன.

நியூரம்பெர்க்: ஏமாற்றமா, எச்சரிக்கையா?

1980 ஜூன் 27, ஜெர்மனியின் நியூரம்பெர்க். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பான்ஹம் சரிந்துவிட்டார். கச்சேரி அத்தோடு முடிந்தது. வந்தவர்களுக்கு அன்று அது டிக்கெட் காசு வீணான ஓர் இரவு. ஆனால் பயணம் நிற்கவில்லை, ஜூலை 7 பெர்லின் வரை ஓடியது. அக்டோபரில் வட அமெரிக்கப் பயணத்துக்கும் தேதி குறித்தார்கள்.

அதற்கான ஒத்திகையின்போது, செப்டம்பர் 24-ம் தேதி காலை முதல் பான்ஹம் ஓட்கா குடித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பேஜ் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 32. விபத்து மரணம் என்று முடிவானது. அந்த ஆண்டு டிசம்பரில், அவர் இல்லாமல் தொடர முடியாது என்று குழு அறிவித்தது. நியூரம்பெர்க்கை இன்று யாரும் 'சொதப்பல்' பட்டியலில் சிரித்துக்கொண்டே சேர்ப்பதில்லை.

1988-லும் பாடம் படிக்கவில்லை

லைவ் எய்டுக்கு மூன்று ஆண்டு கழித்து, 1988 மே 14-ம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் 40-வது ஆண்டு விழா. இந்த முறை டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட மாட்டேன் என்று பிளான்ட் தகராறு செய்து கடைசியில் பாடினார். 'காஷ்மீர்' பாட்டுக்கு உயிரே ஜோன்ஸின் கீபோர்டுதான். டிவி ஒளிபரப்பில் அதுவே கேட்கவில்லை! ஒலிக்கலவை செய்பவர் ஒரு பொத்தானை விட்டுவிட்டால் போதும், மேடையில் என்ன வாசித்தாலும் வீட்டில் இருப்பவருக்கு வெறும் படம்தான்.

அப்புறம் எப்போதுதான் நன்றாக வாசித்தார்கள்? 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். அட்லாண்டிக் நிறுவனர் அஹ்மத் எர்டெகன் நினைவாக நடந்த நிகழ்ச்சி. 20,000 பேர்கூட உட்கார முடியாத அரங்கத்துக்கு வந்த டிக்கெட் கோரிக்கைகள் 2 கோடி. பேஜுக்கு விரலில் எலும்பு முறிந்ததால் நவம்பரில் இருந்து தள்ளிப்போனது. இந்த முறை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். அறுபதை நெருங்கிய பிளான்ட்டின் குரலுக்கு ஏற்றபடி பல பாட்டுகளில் சுருதியைக் குறைத்துக்கொண்டார்கள். டிரம்ஸில் மீண்டும் ஜேசன், தனி ஆளாக. அதன் படம் 'செலிப்ரேஷன் டே' என்ற பெயரில் 2012-ல் வெளியானது, தாராளமாகப் பார்க்கலாம். அந்த இரவுக்குப் பிறகு மூவரும் சேர்ந்து ஒரு கச்சேரிகூடச் செய்யவில்லை.