சட்டமும் நீதியும்: இரு கோட்பாடுகள்

முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒன்று நீதிக்குப் புறம்பாக இருப்பின், அதனைச் சட்டம் என ஏற்க வேண்டுமா? பழமையான இவ்வினாவுக்குச் சட்டவியலில் இருவகை விடைகள் உண்டு. சட்டமன்றங்களுக்கும் மேலாக, மனித அறிவால் உணரத்தக்க நியதி ஒன்று உண்டு. அதற்கு முரணான ஆணை முழுமையான சட்டமாகாது என்பது இயற்கைச் சட்டக் கோட்பாடு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதற்குத் தெளிவான வடிவம் தந்தார். அதிகாரம் பெற்ற அமைப்பு இயற்றியதே சட்டம். அது நன்றா, தீதா என்பது வேறு வினா என்பது இயற்றிய சட்டக் கோட்பாடு. ஜான் ஆஸ்டின் 1832-இல் வெளியிட்ட நூல் இதனை வலியுறுத்தியது. தீய சட்டத்துக்கும் பணிந்தே தீர வேண்டும் என்ற உபதேசமாக இதைக் கொள்வது தவறு. சட்டத்தைத் தயக்கமின்றி விமரிசிப்பதற்கே இப்பிரிவினை உதவும் என்பது இக்கோட்பாட்டினர் வாதம்.

நமது அரசியலமைப்பில் இவ்வினா 21-ஆவது பிரிவில் பொதிந்துள்ளது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பறித்தலாகாது என்கிறது அப்பிரிவு. இங்கு ‘சட்டம்’ எது? தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், இயற்கை நீதியின் நெறிகளும் அச்சொல்லில் அடங்கும் என்று வாதிடப்பட்டது. 1950-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதனை ஏற்கவில்லை. அரசு இயற்றியதே சட்டம் என்றது. நீதிபதி பஸல் அலி மாறுபட்டார். தமிழில் சட்டம் வேறு, நீதி வேறு. ஆயினும் சட்டத்தைச் செலுத்தும் இடத்துக்கு நீதிமன்றம் என்றே நாம் பெயரிட்டிருக்கிறோம்.

கடுஞ்சோதனை நெருக்கடி நிலையின்போது வந்தது. 21-ஆவது பிரிவின் உரிமைக்காக நீதிமன்றத்தை அணுகுவதை 1975 ஜூன் 27-ஆம் நாளைய குடியரசுத் தலைவர் ஆணை நிறுத்தி வைத்தது. எனினும் காவல் ஆணை சட்டப்படியானதா என்பதையேனும் ஆராயலாம் என ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கருதின. ஜபல்பூர் வழக்கில், 1976 ஏப்ரல் 28-இல், உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அதனை மறுத்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார்.

நால்வரும் இயற்றிய சட்டத்தின் பக்கம், கன்னா இயற்கைச் சட்டத்தின் பக்கம் என்று இதனை விளக்குவது வழக்கம். அது பாதி உண்மையே. காவல் ஆணை ‘மிசா’ சட்டத்துக்கே முரணாகவோ தீய நோக்குடனோ பிறப்பிக்கப்பட்டிருந்தாலும் ஆட்கொணர்வு மனு செல்லாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அதிகாரி மீறினாரா என்று கேட்கவும் வழியில்லையெனில், அங்கே ஆஸ்டினுக்கும் இடமில்லை. 21-ஆவது பிரிவு இல்லாவிடினும், சட்டத்தின் அதிகாரமின்றி அரசு ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்றார் கன்னா. இதனை ஏற்க இயற்கைச் சட்டத்தை நம்ப வேண்டிய அவசியமில்லை.

நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆவது பிரிவுகளை நிறுத்தி வைக்க இயலாதவாறு 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் செய்தது. அதே ஆண்டு மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறப்பட்டது. ஜபல்பூர் தீர்ப்பு 2017-இல், அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில்தான், வெளிப்படையாகத் தள்ளப்பட்டது. உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு அளித்த கொடையல்ல என்று அப்போது கூறப்பட்டது. இது இயற்கைச் சட்டத்தின் மொழி.

ஆயினும் தடுப்புக் காவல் நீங்கிவிடவில்லை. ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்க, அதே 44-ஆவது திருத்தத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அப்பிரிவு இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.