பியூசுக்குப் பதில் ஈயத்தாளா?

லண்டனுக்கு வந்து முதன்முதலாகக் கார் வாங்கும் எம்மவரில் புதுக்கார் வாங்குபவர் மிகச் சிலரே. பெரும்பாலானோர் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய காரைத்தான் வாங்குகின்றோம். இரவு வேலைக்குப் போகவேண்டும், சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றி இறக்கவேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கின்றோம், ரயரைப் பார்க்கின்றோம், கறள் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கின்றோம். ஆனால் டாஷ்போட்டுக்குப் பின்னால் ஓடும் வயர்களில் முன்னர் யார் யார் கைவைத்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

என்னுடைய இரண்டாவது காரில் ஒரு குளிர்காலத்தில் ஹீற்றர் விசிறி பழுதாகியது. நாலாம் இலக்கத்தில் மட்டும் வேகமாகச் சுற்றும். ஒன்று, இரண்டு, மூன்றில் அசையாது. தெரிந்த தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "அண்ணை, கடையில புதுச் சாமான் ஐம்பது பவுணுக்குக் குறையாது. நான் ஒரு துண்டு வயர் வைச்சு ஒட்டித் தாறன், ஐந்து நிமிச வேலை" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. விசிறி வேலை செய்தது. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்து, பாடசாலையால் திரும்பும்போது முன் இருக்கையில் இருந்த மகன், "அப்பா, கால் சுடுது" என்றான். அதற்குள் பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்துவிட்டது. காரை ஓரம்கட்டி நிறுத்தி அவனை இறக்கினேன். பிறகு கழற்றிப் பார்த்தபோது வயர் பொருத்தும் பிளாஸ்ரிக் முனை உருகிக் கறுத்துக் கிடந்தது. அந்தத் தம்பியைக் குறைகூற இதை எழுதவில்லை. சரி என்று தலையாட்டியவன் நான்தான்.

நடந்தது இதுதான். விசிறியின் வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு தடையி உண்டு. குறைந்த வேகங்களில் மின்சாரம் அதனூடாகப் போவதால் அது சூடாகும். விசிறியின் காற்றே அதனைக் குளிர வைக்கின்றது. உள்ளே தண்ணீர் கசிந்து மோட்டர் இறுகினாலோ, இலைகுப்பை காற்றை அடைத்தாலோ சூடு எல்லை மீறும். அப்போது தடையியிலுள்ள வெப்ப பியூஸ் உருகித் தொடர்பைத் துண்டித்துவிடும். நாங்கள் வயர் வைத்து ஒட்டியது அந்த பியூசைத்தான். நோய் மோட்டரில் இருந்தது. நாம் செய்தது காவற்காரனை வீட்டுக்கு அனுப்பியது.

இது என் ஒருவனுடைய கதையல்ல. வொக்சோல் ஸஃபீரா பி என்ற கார் 7 பேர் இருந்து போகக்கூடியது. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் விரும்பி வாங்கியது. இந்தக் கார்கள் தீப்பிடித்த சம்பவங்களைத் தொடர்ந்து 2015ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 2 இலட்சத்து 35 ஆயிரம் கார்களைக் கம்பனி திருப்பி அழைத்தது. இதே ஹீற்றர் விசிறியின் தடையியும் வெப்ப பியூசும் முறைகேடாகத் திருத்தப்பட்டதே காரணம் என்று கம்பனி சொன்னது. அதன் பிறகும் தீ ஓயவில்லை. 2016இல் இரண்டாம் தடவையும் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. கம்பனி முழுமையான விசாரணையைத் தாமதமாகத் தொடங்கியது, திருத்தியவர்கள் மீது பழியை விரைவாகப் போட்டது என்று பாராளுமன்றப் போக்குவரத்துக் குழு 2017இல் கண்டித்தது. தவறு எவருடையதாயினும், எரிந்தது குடும்பங்கள் ஏறிப்போன கார்.

"வெறும் 12 வோல்ற்தானே, என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 12 வோல்ற் ஆளைப் பிடித்து உலுக்காது என்பது உண்மை. ஆனால் எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவதற்காகவே கார்ப் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியர் மின்சாரம் தரும்படி செய்யப்பட்டுள்ளது. வயரின் உறை தேய்ந்து தகரத்தில் முட்டினால் அவ்வளவும் அந்த ஒரு வயரால் பாய முயலும். மின்சாரம் மூன்று மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு ஒன்பது மடங்காகும். 10 அம்பியர் பியூசை எடுத்துவிட்டு 30 அம்பியர் போடுவதன் பொருள் இதுதான். ஊரில் பியூஸ் போனால் செப்புக்கம்பியை முறுக்கிச் செருகிய பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்த காரில் பியூஸ் உருகாது, வயர்தான் உருகும்.

ஆகவே பழைய கார் வாங்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள். பியூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை அம்பியர் என்று மூடியிலோ கைந்நூலிலோ உள்ளதோடு ஒப்பிடுங்கள். தட்டையான பியூசுகளில் 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பற்றரியிலிருந்து புதிதாக ஒரு வயர் ஸ்பீக்கர் பெட்டிக்கோ விளக்குக்கோ போனால், பற்றரிக்கு அருகிலேயே அதற்கு பியூஸ் இருக்கவேண்டும். தகரத்துளையால் போகும் இடத்தில் இறப்பர் வளையமும் இருக்கவேண்டும். முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுகளை நம்பவேண்டாம். எஞ்சின் சூட்டில் பசை இளகி ரேப் கழன்றுவிடும். ஹீற்றர் விசிறியை எல்லா வேகத்திலும் போட்டுப் பாருங்கள்.

எம்.ஓ.ரி. சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடவும் கூடாது. அந்தச் சோதனையில் கண்ணுக்குத் தெரியும் வயர்களைப் பார்ப்பார்களே தவிர, டாஷ்போட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. திருப்பி அழைக்கப்பட்டும் திருத்தப்படாத காரா என்பதை அரசாங்க இணையத்தளத்தில் காரின் இலக்கத்தைக் கொடுத்து அறியலாம். அந்தத் திருத்தத்துக்குக் கம்பனியின் முகவர்கள் பணம் வாங்குவதில்லை.

நீங்களே வேலை செய்வதானால் முதலில் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். பூட்டும்போது அதனைக் கடைசியாகப் பூட்டுங்கள். பியூஸ் ஒருமுறை போனால் அதே அளவு பியூசைப் போடலாம். மறுபடியும் போனால் பழுது வேறெங்கோ இருக்கின்றது என்று பொருள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பெரும்பாலும் எயார்பாக்குக்கு உரியவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஓடும்போது கருகும் மணமோ புகையோ வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் பிள்ளைகளை இறக்கித் தூரத்தில் நிறுத்துங்கள். பொனற்றைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ மூளும். 999க்கு அறிவியுங்கள். பைகளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

உதவிக்கு வரும் எங்கள் பிள்ளைகளின் கைத்திறமையில் எனக்கு மதிப்புண்டு. ஆனால் அடுத்த முறை யாராவது "சின்ன வேலை, ஒரு துண்டு வயர் போதும்" என்றால், "அது ஏன் எரிந்தது தம்பி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை காரை நிறுத்திவைத்துவிட்டு பஸ்சிலே போவது நட்டமல்ல. நான் மிச்சம்பிடித்தது ஐம்பது பவுண். அந்த இருக்கையில் இருந்தது என் மகன்.