பேர் ஒண்ணு... நாய் ரெண்டு! லாப்ரடார் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பிரிட்டனில் இரண்டு லாப்ரடார்களை அருகருகே நிறுத்தினால், 'இது ரெண்டும் ஒரே இனமா?' என்று சந்தேகம் வரலாம். ஒன்று அகன்ற தலை, பீப்பாய் மாதிரி மார்பு, தடித்த வாலுடன் கொழுகொழுவென நிற்கும். இன்னொன்று ஒல்லியாக, நீண்ட கால்களுடன், எப்போது ஓடலாம் என்று துடிக்கும். முதலாவது 'ஷோ லைன்', அதாவது கண்காட்சிக்காக வளர்க்கப்பட்ட வம்சம். இரண்டாவது, வேட்டைக்கான 'வொர்க்கிங் லைன்'.

ஏன் பிரிந்தன?

சுட்டு விழுந்த பறவையைப் பல் பதியாமல் கவ்வி எடுத்து வருவதுதான் ரிட்ரீவர் நாய்களின் வேலை. லாப்ரடாரை பிரிட்டனின் கென்னல் கிளப் 1903-ல் தனி இனமாக அங்கீகரித்தது. அந்தக் காலத்தில் ஒரே நாய் களத்திலும் கண்காட்சியிலும் ஜெயித்தது. பாங்கரி போலோ என்ற கறுப்பு லாப்ரடார் இரண்டிலுமே சாம்பியன்.

ஆனால், கண்காட்சி நடுவர் பார்ப்பது உடலமைப்பு, நடை, ரோமம். களப்போட்டி நடுவர் பார்ப்பது வேறு: பறவை விழுந்த இடத்தை நாய் நினைவில் வைக்கிறதா, விசிலுக்கும் கைச்சைகைக்கும் கட்டுப்படுகிறதா? அங்கங்கே ஜெயித்த நாய்களையே இணை சேர்க்க, தலைமுறை போகப் போக இரண்டும் விலகிவிட்டன. கோல்டன் ரிட்ரீவரிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் ஷோ வம்சம் பெரும்பாலும் வெளிர் நிறம், அடர்ந்த ரோமம். வொர்க்கிங் வம்சம் பெரும்பாலும் அடர் நிறம், ஒல்லி உடம்பு.

வீட்டுக்கு எது சரி?

வொர்க்கிங் வம்சத்து நாய்க்கு ஓட்டம் மட்டும் போதாது; மூளைக்கும் வேலை வேண்டும். நாள் முழுக்கப் பூட்டிய ஃப்ளாட்டில் விட்டால் சோபாவைக் கிழிக்கும், குரைத்துத் தீர்க்கும். 'ரொம்ப சேட்டை' என்று கடைசியில் யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். தப்பு நாயிடம் இல்லை, தேர்வில்தான்.

ஷோ வம்சம் பொதுவாகக் கொஞ்சம் நிதானம். அதற்காக வாக்கிங்கே வேண்டாம் என்று அர்த்தமில்லை.

உடல்நலம்?

லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் 'பிஓஎம்சி' மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் பாவமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வம்சமானாலும் தட்டை அளந்துதான் வைக்க வேண்டும். கடுமையாக ஓடும்போது பின்னங்கால் தளர்ந்து விழும் பரம்பரைக் கோளாறு ஒன்று வொர்க்கிங் வம்சத்தில் அதிகம். இதற்கு மரபணுப் பரிசோதனை உண்டு. இடுப்பு மூட்டு, கண் பரிசோதனை இரண்டு வம்சத்துக்கும் அவசியம்.

என்ன கேட்க வேண்டும்?

எட்டு வாரக் குட்டியைப் பார்த்து எந்த வம்சம் என்று சொல்வது கஷ்டம். அதனால், 'என்ன கலர் இருக்கு?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'இதன் அப்பா, அம்மா என்ன செய்கின்றன?' என்று கேளுங்கள். தாயை நேரில் பாருங்கள். வம்சாவளிச் சான்றிதழில் 'ஃபீல்டு டிரையல் சாம்பியன்' பட்டங்கள் வரிசையாக இருந்தால், வீட்டுக்கு வரப்போவது ஓர் ஓட்டக்காரர். அதற்கு நேரம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.